சிபாப் மாஸ்க்கா, தாடைக் கருவியா? ஸ்லீப் ஆப்னியாவுக்கு எது சரி?

தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்றுபோகும் ஸ்லீப் ஆப்னியா என்று உறுதியானதும் பெரும்பாலோர் முன்னால் வரும் கேள்வி இது. ஏஹெச்ஐ, அதாவது மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்ற எண், 15-க்கு மேல் இருந்தால் தயங்காமல் சிபாப் (மாஸ்க் வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தும் கருவி) பக்கம் போகலாம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும். கழுத்தில் கொழுப்பு, பெருத்த டான்சில், உள்வாங்கிய சிறிய தாடை என ஏதோ ஒன்றால் மூச்சுப்பாதை ஏற்கெனவே குறுகலாக இருந்தால், நாக்கும் மென்னண்ணமும் (மேல்வாயின் மென்மையான பின்பகுதி) பின்னால் சரிந்து அதை அடைத்துவிடும். மதுவும் சில தூக்க மாத்திரைகளும் தசையை மேலும் தளர்த்தும். மூச்சு 10 நொடியாவது நின்றால் அது ஒரு ஆப்னியா. முழுதாக நின்றதையும் ஓரளவு குறைந்ததையும் சேர்த்து மணிக்கு எத்தனை என்பதுதான் ஏஹெச்ஐ: 5-லிருந்து லேசானது, 15-லிருந்து நடுத்தரம், 30-லிருந்து கடுமை.

தாடைக் கருவி கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது, நாக்கும் கூடவே வருகிறது. சத்தமில்லை, மின்சாரம் வேண்டாம், பையில் போட்டுக்கொண்டு போகலாம். லேசான ஆப்னியாவுக்கு நல்ல தேர்வு. பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக முன்நகர்த்த வேண்டும். குறட்டை நின்றதும் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். குறட்டை போன பிறகும் அடைப்பு தொடரலாம். கருவியை மாட்டிக்கொண்டே தூக்கப் பரிசோதனையை இன்னொரு முறை செய்தால்தான் தெரியும். காலையில் தாடை வலி வரும், எச்சில் ஊறும். ஆண்டுகள் போகப் போகக் கடிக்கும் அமைப்பு சற்று மாறலாம். ஆடும் பற்கள் உள்ளவர்களுக்கு ஒத்துவராது.

சிபாப்பை 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தினார். காற்றழுத்தத்தாலேயே தொண்டையை விரித்து வைப்பதுதான் அதன் வேலை. ஏஹெச்ஐ-யைக் குறைப்பதில் தாடைக் கருவி இதற்கு ஈடாகாது. ஆனால் மாட்டியிருக்கும் நேரத்துக்கு மட்டுமே இந்தப் பலன். எல்லாமே இங்கேதான் முடிவாகிறது.

கனவு வரும் ரெம் தூக்கத்தில் தசைகள் மிக அதிகமாகத் தளர்வதால் அடைப்பும் பலருக்கு அப்போதுதான் மோசமாகிறது. அந்தத் தூக்கம் பெரும்பாலும் இரவின் பின்பாதியில் வருவது. மூன்று மணிக்கு மாஸ்க்கைக் கழற்றி வைப்பவர், மிக ஆபத்தான நேரத்தைச் சிகிச்சை இல்லாமல் கழிக்கிறார். ‘நாலு மணி நேரம் போட்டால் போதும்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

கழற்ற வைப்பது பெரும்பாலும் காற்றுக் கசிவும் வறட்சியும்தான். மாஸ்க்கை உட்கார்ந்து பொருத்தாதீர்கள். படுத்து, கருவியை ஓடவிட்டு, அழுத்தம் ஏறிய பிறகு பட்டைகளைச் சரிசெய்யுங்கள். படுத்ததும் முகச்சதை நகர்ந்துவிடும். கசிந்தால் இறுக்கத்தான் கை போகும். அதிகம் இறுக்கினால் சிலிக்கான் மெத்தை மடங்கி இன்னும் கசியும். ஒருமுறை முகத்திலிருந்து சற்றுத் தூக்கி, காற்று நிரம்பியதும் மீண்டும் வையுங்கள், தானாகப் படிந்துகொள்ளும். முக எண்ணெய் படிந்த மெத்தை வழுக்கும். தினமும் மிதமான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும், ஸ்பிரிட் கூடாது.

மூக்கால் மூச்சுவிட முடிந்தவர்கள் மூக்கு மாஸ்க்கிலேயே தொடங்குவது நல்லது. வாயையும் மூடும் மாஸ்க்குக்குப் பரப்பு அதிகம், கசிய இடமும் அதிகம். காலையில் வாய் காய்ந்திருந்தால் இரவில் வாய் திறக்கிறது என்று பொருள்: முதலில் மூக்கடைப்பைச் சரிசெய்யுங்கள், பிறகு ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். குழாயில் நீர் தேங்கிச் சலசலத்தால் கருவியைத் தலைக்குக் கீழான உயரத்தில் வைத்து, சூடேறும் குழாய்க்கு மாறுங்கள். ஈரப்பதத் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான்.

அறுவை சிகிச்சையின் பலன் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் அதை இந்த இரண்டோடு ஒரே தட்டில் வைக்கவில்லை. எடை குறைப்பு எந்தக் கருவியோடும் சேர்ந்தே நடக்க வேண்டும். மூளையே மூச்சுக்குக் கட்டளை தராத வகை என்றால் தாடைக் கருவியால் பயனில்லை.

சிபாப் வாங்கியவர்கள் திரையில் இரண்டு எண்களைப் பாருங்கள்: மிச்ச ஏஹெச்ஐ (மாஸ்க் போட்ட பிறகும் மிஞ்சும் ஏஹெச்ஐ), கசிவு. மிச்சம் 5-க்கு மேலேயே நின்றால் அழுத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்பதற்கு முன் கசிவைச் சரிபாருங்கள். கசிவு குறைந்தும் எண் இறங்காவிட்டால் அந்தப் பதிவோடு மருத்துவரிடம் போங்கள்.