ஓலைச் சாயத் தண்ணீருக்கு எது ஏற்றது: கருவேலங்கரியா, உயிர்ப் பூஞ்சையா, உலர்ந்த பூஞ்சையா?

இராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடி, ஏர்வாடிப் பக்கத்து மணற்பாங்கான ஊர்களில், பனையோலைக் கொட்டான்களுக்குச் (சிறு கூடைகளுக்கு) சாயமேற்றியபின் அண்டாவில் மிஞ்சும் தண்ணீரைக் கீழே ஊற்றினால் அது குடிக்கிற கிணற்றுக்கே இறங்கும். அதைத் தெளிய வைக்க மூன்று வழிகளைப் பார்த்துவிட்டு, எங்கள் கொட்டகையில் உலர்ந்த பூஞ்சையை வைத்துக்கொண்டோம்.

கரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டத்து மூட்டங்களில் எரியும் சீமைக் கருவேலங்கரி அடுப்புக்கானது. 800 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்திக் கிளர்வூட்டினால்தான் நுண்துளைகள் திறந்து சாயத்தை நன்றாகப் பிடிக்கும். கடையில் வாங்கும் கிளர்வூட்டிய கரி சிறப்பாக வேலை செய்கிறது என்றாலும், தீர்ந்தபின் புதுப்பிக்க உலை வேண்டும்.

சிப்பிக்காளான் போன்ற வெண்மக்கல் பூஞ்சைகள், மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைச் சிதைக்கும் லாக்கேஸ், பெராக்சிடேஸ் நொதிகளால் சாய மூலக்கூற்றையே உடைக்கின்றன. மற்ற இரண்டாலும் ஆகாத காரியம் இது. ஆனால் பராமரிப்பு என்று வரும்போதுதான் கணக்கு மாறுகிறது. உயிருள்ள பூஞ்சைக்குச் சர்க்கரை, காற்று, இளம் அமிலத்தன்மை எல்லாம் தவறாமல் கிடைக்க வேண்டும். திறந்த தொட்டியில் பாக்டீரியா அதை எளிதில் முந்திவிடும். கொட்டான் ஆர்டர் இல்லாத மாதங்களிலும் அதற்குத் தீனி போட வேண்டும். போதாக்குறைக்கு, பச்சைச் சாயங்களில் ஒன்றான மாலகைட் பச்சை, மீன் வளர்ப்போர் பூஞ்சையைக் கொல்லப் பயன்படுத்திய அதே பொருள்.

உலர்ந்த பூஞ்சைக்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை. காளான் பறித்து முடிந்த வைக்கோல் படுக்கையைக் கொதிக்க வைத்து, வெயிலில் காயவைத்து, நொறுக்கிச் சலித்தால், அடுத்த ஆர்டர் வரும்வரை சாக்கில் கிடக்கும். பூஞ்சையின் செல்சுவரிலும் வைக்கோலிலும் உள்ள கார்பாக்சில் போன்ற எதிர்மின் தொகுதிகள் ஓலைக்கு இடும் நேர்மின் கொண்ட காரச் சாயத்தை இழுத்துக்கொள்கின்றன. துணிப்பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிட்டால் ஊதாத் தண்ணீர் வெளிறிவரும். பையைப் பிழிந்தால் வரும் நீரிலும் நிறம் பெரும்பாலும் இராது. நீர்த்த அமிலத்தில் அலசினால் சாயம் விடுபடும், பொடியை மறுபடி பயன்படுத்தலாம்; ஆனால் அந்த அலசல் நீரை ஆவியாக்கி, எஞ்சும் கசடைத் தனியே வைக்க வேண்டும், ஏனெனில் சாயம் அழியவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

உவர்க் கிணற்று நீரில் சாயமேற்றினால் சோடியமும் கால்சியமும் அதே இடங்களுக்குப் போட்டியிட்டுப் பிடிமானத்தைக் குறைக்கும். மழைநீர்த் தொட்டி இருந்தால் அதுவே மேல். பருத்தி நூலுக்கான வினைச் சாயங்களை நாங்கள் கையாண்டதில்லை. அந்தச் சாயத் தொட்டியில் உப்பு மிகுதி. பூஞ்சை நிறத்தைப் பிடித்தாலும் உப்பு தண்ணீரிலேயே நிற்கும், அதற்குச் சவ்வூடு வடிப்போ ஆவியாக்கலோ இல்லாமல் முடியாது.