திக்‌ஷாவா, தொலைக்காட்சியா?

2020 தேசியக் கல்விக் கொள்கை திக்‌ஷா என்ற மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளத்தைப் பெயர் சொல்லியே ஊக்குவிக்கிறது. கணினியோ கைப்பேசியோ இல்லாத வீடுகளுக்குத் தொலைக்காட்சி, வானொலி வழியாகவும் பாடம் போக வேண்டும் என்கிறது. மும்பை தாராவியில் நம் பிள்ளைகளுக்கு எது உதவும்?

என் ஓட்டு திக்‌ஷாவுக்கே. பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டைச் செயலியில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளி திறக்கும். கவராயத்தால் கோணத்தை இரு சமக் கூறிடும் இடத்தில் நிறுத்தி, வரைந்து பார்த்து, மறுபடி ஓட்டலாம். தொலைக்காட்சி அதற்கெல்லாம் காத்திருக்காது.

ஆனால் வீட்டில் இருப்பதே ஒரு கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டால்? பகலில் மத்திய அரசின் பிஎம் ஈ-வித்யா கல்வித் தொலைக்காட்சிதான் கைகொடுக்கும்: வகுப்புக்கு ஓர் அலைவரிசை, டேட்டா செலவே இல்லை. இரவு அப்பா திரும்பியதும் அரை மணி நேரமாவது கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுத்துவிடட்டும்.