பிக் லைனா, போர்ட்டா? மருந்து ஓடாத 12 நாளைப் பாருங்கள்

பெருங்குடல் புற்றுநோய்க்கு எனக்கு 12 சைக்கிள் (சுற்று) கீமோ. 14 நாளைக்கு ஒரு முறை, ஃபுளோரோயுராசில் மருந்து வீட்டில் ஒரு பம்ப் வழியாக 46 மணி நேரம் விடாமல் ஏற வேண்டும். அதை ரத்தக்குழாய்க்குள் கொண்டுபோகும் இரண்டு வகைக் குழாய்கள்தான் பிக் லைனும் போர்ட்டும். முதல் 3 சைக்கிள் கையில் பிக் லைனோடு போனது, மீதி 9 நெஞ்சில் போர்ட்டோடு. என் ஓட்டு போர்ட்டுக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு நேரம் எதற்கு என்றால், இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய 10 முதல் 20 நிமிடம் போதும். செல் பிரியத் தயாராகும் நேரத்தில் மருந்து அங்கே இருந்தால்தான் வேலை நடக்கும். ஒரே ஊசியாகப் போட்டால் சீக்கிரம் போய்விடும், ரத்த அணுக்களையும் கூடுதலாகக் குறைத்துவிடும். இரண்டு நாள் மெதுவாக ஏற்றினால் அந்தத் தொல்லை குறைவு, பதிலுக்கு உள்ளங்கையும் பாதமும் சிவந்து உரிவது கூடும்.

சாதாரணமாக முன்கையில் குத்தும் ஊசியோடு இதற்காக வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். அங்குள்ள சின்ன ரத்தக்குழாய் தாங்காது. பிக் லைன், போர்ட் இரண்டிலுமே குழாயின் நுனி இதயத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிய ரத்தக்குழாயில்தான் போய் நிற்கிறது. பிக் லைன் மேல்கையில் நுழையும், அதன் வால் வெளியே தொங்கும். போர்ட் முழுக்கத் தோலுக்கடியில், காலர் எலும்புக்குக் கீழே, காசு அளவில் ஒரு மேடு. மருந்து ஏற்றும்போது மட்டும் ஹூபர் ஊசி என்ற தனி ஊசியை அதில் குத்துவார்கள்.

போடுவதில் பிக் லைன் சுலபம். அல்ட்ராசவுண்டு பார்த்து மரத்துப்போக ஊசி போட்டு ஏற்றிவிட்டார்கள், வலி பெரிதாக இல்லை. போர்ட்டுக்குக் கத்தி வைக்க வேண்டும், எனக்கு நாலைந்து நாள் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. இதைக் கேட்டுத்தான் பலரும் பிக் லைன் பக்கம் போகிறார்கள், நானும் அப்படித்தான் போனேன்.

நான் கணக்குப் போடத் தவறியது பராமரிப்பை. பம்ப் ஓடும் அந்த இரண்டு நாளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. போர்ட்டிலும் ஊசி நிற்கும், டிரெஸ்ஸிங் இருக்கும், நனைக்கக் கூடாது, பலூன் பம்ப்பை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டுதான் தூங்க வேண்டும். ஆனால் ஊசியை எடுத்த பிறகு மீதி 12 நாள் போர்ட் சும்மா கிடக்கும். பிக் லைன் அப்படி இல்லை, மருந்து ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது 14 நாளும் வேலை வாங்கும். வாரம் ஒரு முறை டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும், சலைன் விட்டுக் கழுவ வேண்டும், வெளியே எத்தனை சென்டிமீட்டர் நீட்டியிருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் வால் நீண்டிருந்தால் உள்ளே நுனி இடம் மாறியிருக்கலாம். குளிக்கும் முன் கையைச் சுற்றி உறை, நீச்சல் அறவே கூடாது. ஆறு மாதத்துக்கு 25 டிரெஸ்ஸிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒட்டும் படலத்தை நர்ஸ் நுனியிலிருந்து மெல்ல உரிக்கும்போது குழாயும் கூடவே வந்துவிடுமோ என்று ஒவ்வொரு வாரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது வாரத்தில் படலத்துக்கு அடியில் சதுரமாகச் சிவந்து அரிக்க ஆரம்பித்தது, ஐந்தாவது வாரம் கொப்புளம். பசையை மாற்றிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. அதோடு போர்ட்டுக்கு மாறினேன்.

இது என் தோலின் கதை, எல்லாருக்கும் இப்படி ஆகாது. நான் பிக் லைன் வைத்திருந்ததே ஏழு வாரம்தான். ஆனால் 2021-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த காவா ஆய்வும் இதே பக்கம்தான் சாய்கிறது. பிரிட்டனில் 1,000-க்கும் மேற்பட்ட கீமோ நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு அது. அதில் இந்த இரண்டையும் நேராக ஒப்பிட்ட பகுதியில் பிக் லைன்காரர்களில் 47 சதவீதம் பேருக்கும் போர்ட்காரர்களில் 32 சதவீதம் பேருக்கும் ஏதாவது சிக்கல் வந்திருக்கிறது. ரத்தக்கட்டும் பிக் லைனில்தான் அதிகம், கை ரத்தக்குழாய் குறுகலானது, அதற்குள் எந்நேரமும் ஒரு குழாய்.

போர்ட்டிலும் தொல்லை உண்டு. ஒவ்வொரு சைக்கிளுக்கும் குத்து வாங்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் களிம்பைத் தடவிவிட்டால் அழுத்துவது மட்டும்தான் தெரியும். அப்புறம் சலைன் உள்ளே போகும்போது நாக்கின் அடியில் ஒரு உப்புக்கசப்பு ஏறும், எனக்கு அதுதான் குத்தைவிட மோசம். மருந்தை இணைக்கும் முன் குழாய் வழியாக ரத்தம் வருகிறதா என்று இழுத்துப் பார்ப்பார்கள். ஒரு தடவை அது திரும்பி வரவில்லை. தலையைத் திருப்பு, கையைத் தூக்கு, இருமு என்று பத்து நிமிடம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள், வந்த பிறகுதான் மருந்தை இணைத்தார்கள். ரத்தம் வருகிறதா என்று பார்க்காமல் யாராவது அவசரப்பட்டால் தடுத்துக் கேளுங்கள்.

பிக் லைன் ஜெயிக்கும் இடங்களும் இருக்கின்றன. எலும்பில் கிருமி என்று ஆறு வாரம் ஆன்டிபயாடிக் ஏற்றுகிறவருக்கு அறுவை எதற்கு? வேலை முடிந்ததும் படுக்கையிலேயே உருவிவிடலாம். ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் பிளினாட்டுமோமாப் மாதிரி 28 நாள் இடைவிடாமல் ஓடும் மருந்தென்றால் என் 12 நாள் கணக்கே செல்லாது, போர்ட்டிலும் ஊசி மாதம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும், வாரம் ஒரு முறை அதை மாற்றவும் வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் பிக் லைனைத் தவிர்க்கவே பார்ப்பார்கள், பின்னாளில் டயாலிசிஸுக்குக் கை ரத்தக்குழாய் வேண்டும் என்பதால்.

எதைப் போட்டாலும் 38 டிகிரி காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே கூப்பிட வேண்டும். என் போர்ட்டை இன்னும் எடுக்கவில்லை. கீமோ முடிந்தும் கொஞ்ச காலம் இருக்கட்டும் என்றார் டாக்டர், அதனால் நாலு வாரத்துக்கு ஒரு முறை கழுவப் போய்க்கொண்டிருக்கிறேன். எடுக்க மறுபடி கத்திதான், அது எப்படி இருந்தது என்று எடுத்த பிறகு சொல்கிறேன்.