திருநெல்வேலிக் கல்யாணங்களில் கிம்பல்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பின்

பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள மண்டபங்களில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில் என்பதால், மூன்று அச்சுக் கிம்பல் (கேமராவை ஆடாமல் தாங்கும் மோட்டார் வைத்த கைப்பிடி) ஒன்று சில வருடங்களாக முகூர்த்த நாள்தோறும் என் கையில் இருந்துவருகிறது. இரண்டு கிலோ வரை தாங்கும் வகை. மிரர்லெஸ் கேமராவும் சிறிய ஸூம் லென்ஸும் அதில் தாராளமாக அமரும்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் அறிய வேண்டியது, இக்கருவி எதைச் சரிசெய்கிறது என்பதுதான். கேமரா இடவலமாகத் திரும்புவது, மேலும் கீழும் சாய்வது, ஒருபுறமாகச் சரிவது ஆகிய மூன்று சுழற்சிகளையும் சென்சார்கள் உணர, மோட்டார்கள் எதிர்த்திசையில் திருப்பி ஈடுகட்டுகின்றன. நடக்கும்போது உடம்பே ஏறி இறங்குவது சுழற்சி அன்று. அதை இந்த மோட்டார்களால் பிடிக்க இயலாது. கேரட் பிரவுன் 1970களில் உருவாக்கிய, உடம்பில் மாட்டிக்கொள்ளும் கேமரா தாங்கியான ஸ்டெடிகாமில் ஸ்பிரிங் வைத்த கரம் காலடியின் அதிர்வை வாங்கிக்கொண்டது; கிம்பலில் அவ்வேலையை நம் முழங்கால்தான் செய்தாக வேண்டும். பெண் அழைப்பின்போது பின்னோக்கி நடந்தபடி எடுக்கையில், முழங்காலைச் சற்று மடக்கி, முன்பாதத்தை முதலில் ஊன்றிக் குதிகாலை மெல்ல இறக்கினால் காட்சி வழுக்கிச் செல்லும். குத்துவிளக்கோ தூணோ அருகில் வரும்போது ஏற்ற இறக்கம் பளிச்சென்று தெரியும். தொலைவிலுள்ள மேடையை நோக்கிப் போகும்போது அவ்வளவாகத் தெரியாது.

மோட்டாரை இயக்குமுன் பேலன்ஸ் பார்ப்பதில் சோம்பல் கூடாது. எந்தக் கோணத்தில் விட்டாலும் கேமரா அங்கேயே நிற்க வேண்டும். இல்லையென்றால் மோட்டார் சூடேறும், பேட்டரி விரைவில் இறங்கும், படத்தில் மெல்லிய நடுக்கம் வரும். ஸூம் செய்யும்போது நீளும் லென்ஸ் என்றால், எடுக்கப்போகும் நீளத்தில் வைத்தே பேலன்ஸ் பார்ப்பது நல்லது. அகலக் கோண லென்ஸில் ஓரங்கள் நெளிந்தால், கேமராவுக்குள் இருக்கும் நிலைப்படுத்தியை அணைத்துப் பார்க்கலாம்.

சினிமா மாதிரி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அசைவு மட்டும் போதாது. நொடிக்கு 25 ஃபிரேம் எடுத்தால் ஷட்டர் 1/50 நொடி என வைக்கிறேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் மண்டப விளக்குகளின் மினுக்கலும் பெரும்பாலும் இதில் அடங்கிவிடும். வெளிப்புற வெயிலுக்கு, லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் கட்டாயம். தாலி கட்டும் நேரத்தில் மட்டும் நான் நகர்வதே இல்லை, டிரைபாட்தான். உறவினர்களின் கைபேசிகள் போதிய அளவு நகர்ந்துகொண்டிருக்கும்.

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்றுக்குப் பேர்போன பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் வெளிப்புறக் காட்சி எடுப்பதென்றால் லென்ஸ் ஹுட்டைக் கழற்றிவிட்டுக் காற்றுக்கு முதுகு காட்டி நிற்பேன். அப்போதும் பலத்த காற்று ஓங்கி அடித்தால் மோட்டார் திணறத்தான் செய்கிறது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கோ கிம்பலைக் கொண்டுபோவதில்லை. வடம் பிடிக்கும் கூட்டத்தில் யாருடைய தோளாவது கிம்பலின் கரத்தைத் தடுத்தால் மோட்டார் தானே நின்றுவிடும் என்பதால், ரத வீதியில் ஒரு மாடியும் மோனோபாடும் (ஒற்றைக்கால் தாங்கி) கிடைத்தால் அதுவே எனக்குப் போதும்.