பழைய ஜிப்சிக்குச் சாமான் பெட்டி: ஆசாரியிடமா, கிரில் பட்டறையிலா, பஸ் பாடிப் பட்டறையிலா?

வண்டியின் பின்பகுதியில் சாமான் வைக்க ரெடிமேடாக விற்கும் டிராயர் செட்டுகள் பெரும்பாலும் லேண்ட் குரூசர், ஹைலக்ஸ் மாதிரி பெரிய வண்டிகளின் அளவுக்குச் செய்யப்பட்டவை. 1985 கடைசியில் வந்து, 1996-ல் 1.3 லிட்டர் எஞ்சினும் 'கிங்' என்ற பெயரும் பெற்ற மாருதி ஜிப்சிக்கு அவை பொருந்தாது. உள்ளூரில் அளவெடுத்துச் செய்வதுதான் வழி. தமிழ்நாட்டில் இந்த வேலையை எடுத்துக்கொள்பவர்கள் மூன்று வகை: வீட்டு மர வேலை செய்யும் ஆசாரி, கேட்டும் ஜன்னலும் அடிக்கும் கிரில் பட்டறை, கரூர், நாமக்கல் பக்கத்துப் பஸ், லாரி பாடிப் பட்டறைகள். மூன்றையும் எடை, மழை, ஆட்டம், கழற்றி மாட்டும் வசதி என்ற நான்கை வைத்து எடை போட்டிருக்கிறோம்.

இந்த நான்கில் எடைதான் முதலில். சாஃப்ட் டாப் (துணிக் கூரை) ஜிப்சி ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான வண்டி. ராணுவம் இதை 500 கிலோ சுமை வகையில் வைத்திருந்தது. நான்கு பேர் ஏறினாலே 280 கிலோ போய்விடும். மீதியில்தான் டூல்ஸ், தண்ணீர், சாப்பாடு, பெட்டி எல்லாம் அடங்க வேண்டும். 900 மி.மீ. அகலம், 800 நீளம், 300 உயரத்தில் இரண்டு டிராயர் கொண்ட பெட்டிக்குச் சுமார் 4 சதுர மீட்டர் பலகையோ தகடோ வேண்டும். 1.6 மி.மீ. இரும்புத் தகட்டில் அது 50 கிலோ. 12 மி.மீ. மரைன் பிளைவுட்டில் 34 கிலோ. 2 மி.மீ. அலுமினியத்தில் 22 கிலோ. அலுமினியம் என்றாலே லேசு என்று நம்பி முழுப் பெட்டியையும் 3 மி.மீ. செக்கர் தகட்டில் (வழுக்காமல் இருக்க மேடு மேடாக அச்சிட்ட தகடு) அடிக்கச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தத் தகடு பிளைவுட்டைவிட ஒரு கிலோகூட லேசு கிடையாது. செக்கர் தகடு மேல்மூடிக்கு மட்டும் போதும்.

கிரில் பட்டறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேலை சீக்கிரம் முடியும், செலவு குறைவு, ஆனால் இந்த வண்டிக்கு ஏற்றதில்லை. ஒரு அங்குல ஆங்கிளில் சட்டம் அடித்து, தகடு போர்த்தி, 60 கிலோவுக்கு மேல் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அதைவிடப் பெரிய பிரச்சினை, சட்டத்தை நேராகத் தரைத் தகட்டிலேயே வெல்டிங் வைக்கும் பழக்கம். ஜிப்சியின் பெட்ரோல் டேங்க் பின்தரைக்கு அடியில்தான் இருக்கிறது. அங்கே வெல்டிங் பொறியும் கூடாது, கீழே எட்டிப் பார்க்காமல் டிரில்லும் கூடாது. டேங்கைக் கழற்றிவிட்டுச் செய்தாலும், வெல்டிங் சூட்டில் தகட்டின் அடிப்பக்கத்துப் பெயிண்ட் கருகி, துரு அங்கிருந்தே தொடங்கும். இவர்களிடம் வாங்க வேண்டியது பெட்டியைப் பிடிக்கும் நான்கு கிளாம்புகளும் தாங்கு பட்டைகளும் மட்டுமே. அந்த வேலையைச் சுத்தமாகவே செய்துதருவார்கள்.

ஹார்டு டாப் (கெட்டிக் கூரை) வைத்திருப்பவர்களுக்கு எங்கள் தேர்வு ஆசாரிதான். பலகையை மட்டும் நீங்களே வாங்கிக்கொடுங்கள். 'மரைன்' என்று அச்சடித்திருப்பதால் எதுவும் மரைன் ஆகிவிடாது. ஐஎஸ் 710 என்ற தர எண்ணும், ஐஎஸ்ஐ முத்திரையும், அதன் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் பலகையிலேயே இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஐஎஸ் 710 பலகை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பசை விடாமல் இருக்க வேண்டும் என்பது விதி. ஐஎஸ் 303 பலகை சமையலறைக்குப் போதும், ஜிப்சிக்குப் போதாது. பெட்டியின் வெளிக்கூட்டுக்கு 12 மி.மீ., டிராயரின் பக்கங்களுக்கும் அடிக்கும் 9 மி.மீ. எடுத்தால் எடை இன்னும் மூன்று நான்கு கிலோ குறையும். 8-க்கு 4 பலகை 12 மி.மீ.யில் ஒன்றும், 9 மி.மீ.யில் ஒன்றும் வாங்கினால் மூலைக்கட்டைகள் தவிர எல்லாம் அதிலேயே முடிந்துவிடும்.

வீட்டு அலமாரிப் பழக்கத்தில் ஆசாரி தவறவிடும் இடங்கள் மூன்று. முதலாவது, பலகையின் விளிம்பில் நேராகத் திருகு ஏற்றுவது. 12 மி.மீ. விளிம்பில் திருகு ஏற்றினால் அடுக்கு பிளக்கும். பிளக்காவிட்டாலும் கல்ரோட்டு அதிர்வில் துளை பெரிதாகிவிடும். உள்மூலைகளில் 25-க்கு 25 மரக்கட்டையோ 3 மி.மீ. அலுமினிய ஆங்கிளோ வைத்து, தண்ணீர் தாங்கும் மரப்பசையும் தடவி, திருகை அதில் ஏற்றச் சொல்லுங்கள். கறுப்பு ஜிப்சம் திருகு வேண்டாம். அது நொறுங்கும் தன்மை கொண்டது, அதிர்வில் தலை தனியாக அறுந்து விழும். 304 ஸ்டெயின்லெஸ் திருகு போதும். இரண்டாவது, வெட்டிய விளிம்புகளை அப்படியே விட்டு மேலே கார்பெட் ஒட்டுவது. தண்ணீர் ஏறுவதே விளிம்பு வழியாகத்தான். எல்லா விளிம்புக்கும், துளைகளின் உட்சுவருக்கும்கூட, எபாக்சி இரண்டு கோட் தேவை. கார்பெட் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால் அடிப்பக்கத்தில் ஒட்டவே கூடாது.

மூன்றாவது, டிராயர் ஓடும் சேனல். இதில்தான் பணமும் நேரமும் அதிகம் வீணாகிறது. வீட்டு டிராயரில் போடும் 45 மி.மீ. பால் பேரிங் சேனல் ஒரு பக்கத்துக்கு 12.7 மி.மீ. இடம் கேட்கும். 400 மி.மீ. திறப்பு என்றால் டிராயரின் வெளி அகலம் 374-தான், ஒரு மி.மீ. கூடினாலும் இறுகும். பாக்கெட்டில் போட்டிருக்கும் 45 கிலோ ஒரு ஜோடிக்கானது, அதுவும் நகராத வீட்டுத் தரையில். ஜிப்சி ஏணிச் சட்டச் சேசிஸ் மேல் பட்டை ஸ்பிரிங்கில் ஓடுகிற வண்டி. ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் பாடி முறுக்கும். பெட்டியும் கூடவே முறுக்கினால் சேனல் இரண்டும் இணையாக இருக்காது, குண்டுகள் தாங்கியில் அடி வாங்கும், டிராயர் பாதியில் நிற்கும். அக்யூரைடு 9301 மாதிரி 76 மி.மீ. சேனல் 227 கிலோ தாங்கும் என்பது உண்மை. ஆனால் அது ஒரு பக்கத்துக்கு 19 மி.மீ. இடம் எடுக்கும். இரண்டு டிராயருக்கு அப்படிப்பட்ட சேனல் போட்டால் 10 கிலோவுக்கு மேல் இரும்பு கூடும். அலுமினியத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

40 கிலோவுக்குள் சாமான் வைக்கும் டிராயருக்குச் சேனலே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. டிராயரின் அடியில் இரண்டு ஓரத்திலும் 25 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனத்தில் எச்டிபிஇ என்ற வழவழப்பான பிளாஸ்டிக் பட்டை. கூட்டின் தரையில் அதே இடத்தில் மைக்கா ஷீட். பக்கத்துக்கு 3 மி.மீ. இடைவெளி. பட்டையைப் பசையால் ஒட்ட முடியாது, எச்டிபிஇயில் எதுவும் பிடிக்காது. தலை உள்ளே அமிழும் திருகால் மட்டும் பிடிக்க வேண்டும். பாடி முறுக்கினாலும் இந்த டிராயர் சிக்காது, புழுதி ஏறினால் துணியால் துடைத்தால் போதும். முழுதாக வெளியே இழுத்தால் கவிழும் என்பதுதான் குறை. பின்பக்கத்தில் ஒரு தடுப்புக் கட்டை வைத்து, கால் பங்கு உள்ளேயே நிற்கும்படி செய்துவிட்டால் அதுவும் தீர்ந்தது.

சாஃப்ட் டாப்புக்கும், ராமேசுவரம், தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று ஊர்களுக்கும் பஸ் பாடிப் பட்டறைதான். தகடு வளைக்கும் மெஷின், ரிவெட், பியானோ கீல், ரப்பர் பீடிங், அழுத்திப் பூட்டும் லாட்ச் எல்லாம் அவர்கள் தினமும் புழங்கும் பொருள்கள். பீடிங் உட்காரும் விதத்தில் அவர்கள் கைக்கு ஈடு கிடையாது. புழுதி புகாத மூடி வேண்டுமென்றால் இவர்களிடம்தான் கிடைக்கும். ஆனால் கை பஸ்ஸுக்குப் பழகியது. சொல்லாமல் விட்டால் உள்ளே 40 மி.மீ. இரும்பு ஸ்கொயர் பைப் வந்துவிடும். ஆர்டர் கொடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள்: பக்கங்கள் 2 மி.மீ. 5052 வகை அலுமினியத் தகடு, ஓரங்களை 20 மி.மீ. உள்ளே மடித்து விறைப்பு, மூலைக்கு 25-க்கு 25 அலுமினிய ஆங்கிள், 4.8 மி.மீ. ரிவெட் 50 மி.மீ.க்கு ஒன்று, உள்ளே இரும்பு கிடையாது. மடிப்பின் உள்வளைவு தகட்டின் கனத்துக்குக் குறையக் கூடாது. கூர்மையாக மடித்தால் பிறகு அந்தக் கோட்டிலேயே வெடிக்கும்.

அலுமினியப் பெட்டியில் ரிவெட்டைச் சுற்றிக் கறுப்பாகப் புகை படிந்த மாதிரி வளையம் தெரிந்தால் அது அழுக்கு இல்லை. ரிவெட் தளர்ந்து உராய்ந்து வரும் பொடி. அதைத் துளையெடுத்து, ஒரு அளவு பெரிய ரிவெட் போட வேண்டும். பெட்டி வண்டியின் இரும்பை நேராகத் தொடக் கூடாது. நடுவே ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். 3 மி.மீ. ரப்பர் ஷீட் வைத்தால் இதுவும் நிற்கும், சத்தமும் நிற்கும்.

யார் செய்தாலும், பெட்டி வருவதற்கு முன் செய்ய வேண்டியது தரை. தரை விரிப்பைத் தூக்கி, துருவைச் சுரண்டி, எபாக்சி பிரைமர் அடித்து, வடிகால் துளைகளின் ரப்பர் மூடிகளைப் பாருங்கள். பெட்டி உட்கார்ந்த பிறகு அந்த இடம் கண்ணில் படாது. இருபது முப்பது வருஷம் ஓடிய பாடி சதுரமாக இருக்காது என்பதால், அகலத்தை முன், நடு, பின் என்று மூன்று இடத்தில் அளந்து, சிறியதில் இருந்து 20 மி.மீ. கழியுங்கள். சக்கர மேட்டுக்கு அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பலகையில் கோடு போட வேண்டும்.

பிடிப்புக்குப் புதுத் துளை போடாமல், பின்சீட்டு உட்காரும் துளைகளையே பயன்படுத்துங்கள். அங்கே தகடு ஏற்கெனவே கனமாக்கப்பட்டது. சீட் பெல்ட் துளைகளைத் தொட வேண்டாம். பல வண்டிகளில் அவை 7/16 அங்குல மரை, மி.மீ. போல்ட்டை ஏற்றினால் மரை கெட்டுவிடும். 8.8 கிரேடு எம்8 (8 மி.மீ.) போல்ட் ஒன்றே போதும், இரண்டு டன் இழுவை தாங்கும். விபத்தில் பெட்டி பிய்ந்து வருவது போல்ட் அறுந்து அல்ல, அதைச் சுற்றியுள்ள பலகையோ தகடோ கிழிந்து. 60 கிலோ பெட்டியும் சாமானும் 20 மடங்கு விசையில் முன்னே பாய்ந்தால் 1,200 கிலோ. அதனால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு பக்கமும் 50-க்கு 50, 3 மி.மீ. இரும்புப் பட்டை வையுங்கள். ஒரு மி.மீ. தகட்டில் ரிவெட் நட்டை (துளையில் அமுக்கிப் பொருத்தும் நட்) மட்டும் நம்பிப் பிடித்த பெட்டியை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜாக்கி, டூல்ஸ், தண்ணீர் மூன்றும் முன்சீட்டின் முதுகை ஒட்டிய பகுதியில் இருக்க வேண்டும். பின்கதவு ஓரத்தில் லேசான சாமான் மட்டும்.

பின்சீட்டை நிரந்தரமாக எடுத்துவிட்டுப் பெட்டி பூட்டினால், ஆர்சி புத்தகத்தில் உள்ள இருக்கை எண்ணிக்கையோடு வண்டி ஒத்துப்போகாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு பதிவு விவரத்தை மாற்றும் வேலைகளுக்குப் பொருந்தும். நான்கு போல்ட்டில் கழன்று வரும்படி பெட்டியைச் செய்து, எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது சீட்டை மாட்டிக்கொண்டு போவது நல்லது. முதல் 500 கி.மீ. ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். ரப்பர் அமுங்கியிருக்கும், கட்டாயம் கால் சுற்றாவது ஏறும். அதன் பிறகு மரையில் லாக்டைட் 243 என்ற, மரை தளராமல் பிடிக்கும் பசையை விட்டுப் பூட்டிவிடலாம்.