உயில் எழுதப் போனோம், முதலில் மூலப் பத்திரத்தைக் கேட்டார்கள்

அம்மாவுக்கு 74 வயது. மதுரை செல்லூர் வீட்டை, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் தங்கச்சிக்கு எழுதிவைக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன வருடம் ஒரு இடத்தில் ரெடிமேட் படிவத்தில் பெயர்களை நிரப்பிப் பத்தே நிமிடத்தில் உயில் தயார் என்று நீட்டினார்கள். சாட்சிக் கையெழுத்தை வீட்டுக்குப் போய் யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்புறம் கூட வேலை பார்ப்பவர் சொல்லித்தான் தல்லாகுளத்தில் ஒரு தையல் கடை மாடியில் இருக்கும் இந்த வக்கீல் அலுவலகத்துக்குப் போனோம்.

வக்கீல் ஒரு பெண், நாற்பது வயது இருக்கலாம். உட்கார்ந்ததும் மூலப் பத்திரத்தைக் கேட்டார். நாங்கள் வீட்டு வரி ரசீதை நீட்டினோம். அது அம்மா பெயரில் இருந்ததால் வீடும் அம்மாவுடையது என்றே இத்தனை வருடம் நம்பியிருந்தோம். “வரி ரசீது பெயர் மாறினால் வீடு மாறிடாதும்மா” என்றார். பத்திரம் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார், அப்பத்தா அவருக்கு முன்பே இறந்துவிட்டார். அதனால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நான், தம்பி, தங்கச்சி நான்கு பேருக்கும் சம பங்கு. அம்மா உயிலில் எழுத முடிந்தது கால் வீடு மட்டும்தான்! அந்தப் படிவத்தை நம்பியிருந்தால் அம்மா காலத்துக்கு அப்புறம் தங்கச்சி கையில் முக்கால்வாசி செல்லாத காகிதம்தான் இருந்திருக்கும்.

நானும் தம்பியும் அன்றைக்கே பேசி முடிவெடுத்தோம். தங்கச்சியும் சேர்ந்து மூன்று பேரும் எங்கள் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தோம். அதன் பிறகுதான் உயில்.

உயில் எழுதும் நாளில் எங்கள் எல்லோரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அம்மாவோடு தனியாக அரைமணி நேரம் பேசினார். தம்பி முகம் கொஞ்சம் சுருங்கியது. எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது அந்த அரைமணி நேரத்தில்தான். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் எந்தத் தாயும் மனசில் இருப்பதைச் சொல்ல மாட்டார்.

சாட்சிக்குப் பக்கத்து வீட்டுத் தாத்தாவை அழைத்துவரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். பின்னாளில் வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும், அதனால் அம்மாவைவிட இளையவர்களாக, உயிலில் எந்தப் பங்கும் இல்லாதவர்களாகப் பார்க்கச் சொன்னார். அம்மா கையெழுத்துப் போடுவதை இரண்டு பேரும் கண்ணால் பார்த்தார்கள், பிறகு அம்மா முன்னாலேயே கையெழுத்துப் போட்டார்கள். நல்ல நினைவோடு இருக்கிறார் என்று டாக்டர் சான்றும் வாங்கி வைத்துக்கொண்டோம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை என்பதை அவரே சொல்லிவிட்டார். வயதானவர் உயில் என்பதால் பதிவு செய்வது நல்லது என்றார், செய்தோம். அம்மா இருக்கும்வரை அந்தப் பதிவின் நகலை வேறு யாரும் வாங்க முடியாது, மனம் மாறினால் உயிலையும் மாற்றிக்கொள்ளலாம். இதைக் கேட்ட பிறகுதான் அம்மாவுக்கு நிம்மதி. புரோபேட், அதாவது உயில் செல்லும் என்று கோர்ட்டில் வாங்கும் சான்று, அதைப் பற்றியும் கேட்டேன். நெடுங்காலம் சென்னை நகரச் சொத்துக்கு அது கட்டாயமாக இருந்தது. எங்கள் மதுரை வீட்டுக்கு அப்படி இல்லை என்று விளக்கினார்.

உயிலுக்கான கட்டணம் 6,000 ரூபாய், ரசீதோடு. பதிவுச் செலவு தனி. குறை என்றால் அந்த மாடிப்படி. செங்குத்தாக இருக்கிறது, பிடித்து ஏறக் கம்பி கிடையாது. முதல் நாள் அம்மா மூச்சு வாங்கி நடுவில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த தடவை போன் பண்ணிவிட்டுப் போனோம், வக்கீலே இறங்கிவந்து தையல் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து வரைவை வரி வரியாக வாசித்துக் காட்டினார். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் முதலிலேயே போனில் சொல்லிவிடுங்கள்.