61, 76, 88: எத்தனை கீ உள்ள கீபோர்டு வாங்கலாம்? மூன்றையும் நெடுநாள் வாசித்த அனுபவம்

சிந்தசைசர் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கம்பெனியைப் பார்க்கிறார்கள், அப்புறம் டோன், அதாவது வயலின், குழல் போன்ற ஒலி வகை, எத்தனை இருக்கிறது என்று பார்க்கிறார்கள். எத்தனை கீ என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதற்குள் கையில் இருக்கும் பணமே பதில் சொல்லிவிடுகிறது. நான் இந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்வேன். டோன் பிடிக்கவில்லை என்றால் பல மாடல்களில் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், நாமே எடிட் செய்யலாம். கீயை மட்டும் பிறகு கூட்ட வழியில்லை.

திருநெல்வேலிப் பக்கம் ஞாயிறு காலையில் சர்ச்சிலும், கல்யாண சீசனிலும் கோயில் கொடை மாதங்களிலும் மெல்லிசை மேடையிலும் வாசிக்கிறேன். பல வருடம் 61 கீ ஒன்றே எல்லாவற்றுக்கும் ஓடியது. பிறகு வீட்டுக்கு ஒரு 88 வந்தது. இப்போது மேடைக்கு 76. மூன்றோடும் புழங்கியதில் எனக்குத் தெளிவான ஒன்று: இடது கை என்ன வேலை செய்யப்போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். கீ எண்ணிக்கை அதிலிருந்து தானாக வந்துவிடும்.

61 கீ என்பது ஐந்து ஆக்டேவ். ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரை உள்ள 12 கீ தூரம்தான் ஒரு ஆக்டேவ். சி-யில் தொடங்கி சி-யில் முடியும். சிந்தசைசர் உலகத்தில் இது நெடுங்காலமாக நிலைத்துவிட்ட அளவு. 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-க்கும் 61 கீ, 1988-இல் வந்த கோர்க் எம்1-க்கும் 61 கீ. 1970-இல் வந்த மினிமூக்கில் 44 கீதான், ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும் என்பதால் அது போதுமானதாக இருந்தது. சர்ச்சில் பாமாலை வாசிக்க 61 தாராளம். சொப்ரானோ முதல் பேஸ் வரை நான்கு குரலும் அந்த ஐந்து ஆக்டேவுக்குள் வசதியாக உட்கார்ந்துவிடும். ஒரே டோனில், இரண்டு கையாலும் பாட்டுக்குத் துணை வாசிக்கிறவர் 61-க்கு மேல் செலவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

சிக்கல் தொடங்கும் இடம் ஸ்ப்ளிட், அதாவது கீபோர்டைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு டோன் வைப்பது. மெல்லிசை மேடையில் கீபோர்டுக்காரர் தலையில்தான் பாதி ஆர்கெஸ்ட்ரா. ஆரம்பத்தில் வயலின் கூட்டம், அதன் மேல் புல்லாங்குழல் பிட், பல்லவி முடிந்ததும் சிதார், சரணத்துக்கு முன்னால் கோரஸ். பேஸ் கிட்டார் ஆள் வராத நாளில் அதுவும் இடது கைக்கு வந்து சேரும். 61 கீயை இதற்காக மூன்றாகப் பிரித்தால் கணக்கு இப்படி வரும்: கீழே பேஸுக்கு 12, நடுவில் வயலினுக்கு 24, மேலே குழலுக்கு 25. எழுதிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். வாசிக்க உட்கார்ந்தால் வயலின் கூட்டம் கீழிருந்து மேலே ஓடிவரும் ஒரு பிட்டில் கடைசி மூன்று ஸ்வரம் எல்லையைத் தாண்டிவிடும். வயலினாகத் தொடங்கியது குழலாக முடியும். கேட்கிறவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியாது, ஆனால் ஏதோ இடறியது என்பது தெரியும். பேஸுக்கும் அதே கதிதான். ஒரு ஆக்டேவுக்குள் அடைத்த பேஸ், கீழே இறங்க வேண்டிய இடத்தில் மேலே குதித்து வரும்.

இதைச் சமாளிக்கும் வழிகள் உண்டு. பாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி செட்டிங் சேமித்து வைத்து, பட்டனைத் தட்டி மாற்றிக்கொண்டே போகலாம். நான் அப்படித்தான் பல வருடம் வாசித்தேன். நன்றாகவே ஓடியது. ஆனால் பட்டனைத் தட்ட ஒரு கை வேண்டும், அந்த நேரத்தில் அந்தக் கை கீயில் இருக்காது. பிட்டுக்கும் பிட்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லாத பாட்டுகளில் இதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

இன்னொன்று, டிரான்ஸ்போஸ், அதாவது கீபோர்டின் சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்குவது. பாடுகிறவருக்கு ஒன்றரைக் கட்டை, அடுத்து வருகிற அம்மாவுக்கு ஐந்தரைக் கட்டை என்று சுருதி மாறிக்கொண்டே இருக்கும். விரல் பழகிய இடத்திலேயே வாசிக்க டிரான்ஸ்போஸ் போடுகிறோம். ஐந்து படி ஏற்றினால் கீபோர்டின் அடிமட்ட ஸ்வரமே சி-யிலிருந்து எஃப்-க்கு ஏறிவிடுகிறது. ஏற்கெனவே குறுகலாக இருந்த பேஸ் பகுதியில் இந்த இழப்பு நன்றாகவே கேட்கும். ஆக்டேவ் ஷிஃப்டை வைத்துச் சரிசெய்யலாம், ஆனால் அதை எல்லா டோனுக்கும் சேர்த்துப் போடாமல் பேஸுக்கு மட்டும் தனியாக இறக்கும் வசதி உங்கள் மாடலில் இருக்க வேண்டும். வாங்கும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

76-இல் கூடுதலாக வருவது 15 கீ. கீழே 8, மேலே 7. இ-யில் தொடங்கி ஜி-யில் முடியும். இந்த எட்டும் ஏழும் எண்ணிக்கையில் சிறியவை, மேடையில் அவை செய்யும் வேலை பெரியது. கீழே இருக்கும் அந்த இ என்ன தெரியுமா? நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் வரும் அதே ஸ்வரம், 41.2 ஹெர்ட்ஸ். அதாவது ஆக்டேவ் எதையும் நகர்த்தாமல், பேஸ் கிட்டார் தொடங்கும் இடத்திலேயே உங்கள் இடது கை தொடங்குகிறது. பழைய எலெக்ட்ரிக் பியானோ ரோட்ஸின் 73 கீ மாடலும் இதே இ-யில்தான் தொடங்கியது.

என்னுடைய இப்போதைய பிரிவு: பேஸுக்கு 16, வயலினுக்கு 37, குழலுக்கு 23. நடுப்பகுதி இரண்டு ஆக்டேவிலிருந்து மூன்றாகிவிட்டது. வயலின் ஓட்டம் எதுவும் இப்போது எல்லையில் முட்டுவதில்லை. குழலை ஒரு ஆக்டேவ் இறக்கி வைத்திருக்கிறேன், மேலே உள்ள கீகளிலேயே அதன் இயல்பான குரல் கிடைத்துவிடுகிறது. பட்டன் தட்டுவது பாதிக்கு மேல் குறைந்தது. பாடுகிறவர் முகத்தைப் பார்த்து வாசிக்க நேரம் கிடைக்கிறது. 76 எனக்குத் தந்ததில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

சரி, 76 நல்லது என்றால் 88 இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் எடை குறுக்கே வருகிறது. என்னிடம் இருப்பது யமஹா மோடெக்ஸ்7. 2018-இல் வந்த இந்த வரிசையில் மூன்று அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 61 கீ உள்ள மோடெக்ஸ்6-இன் எடை 6.6 கிலோ. 76 கீ உள்ள மோடெக்ஸ்7, 7.4 கிலோ. 88 கீ உள்ள மோடெக்ஸ்8, 13.8 கிலோ. முதல் படி ஏற 800 கிராம், அடுத்த படி ஏற 6.4 கிலோ. ரோலண்ட் ஜூனோ டிஎஸ் வரிசையிலும் இப்படித்தான்: 61 கீ 5.3 கிலோ, 88 கீ 16.2 கிலோ. 76-க்கு மேல் வரும் கூடுதல் 12 கீ மட்டும் இவ்வளவு எடை போடாது. 88-க்கு வந்ததும் கீயின் ரகமே மாறிவிடுகிறது. ஒவ்வொரு கீக்குப் பின்னாலும் பியானோவைப் போல ஒரு சுத்தியல் அமைப்பு வந்துவிடுகிறது. 61-இலும் 76-இலும் பெரும்பாலும் ஸ்பிரிங் வைத்த லேசான கீகள்தான்.

ஆகவே 88 வாங்குவது என்பது பெரும்பாலும் ஹேமர் ஆக்‌ஷன் வாங்குவது. அது வேண்டுமா என்பதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். பியானோ கற்கிறவருக்கு அது கட்டாயம் வேண்டும். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வில் பியானோவுக்கு ஒரு பாடத்திட்டம், எலெக்ட்ரானிக் கீபோர்டுக்குத் தனியாக இன்னொன்று. பிள்ளை பியானோ பாடத்திட்டத்தில் போகிறது என்றால் வீட்டில் கனமான 88 இருக்கட்டும். லேசான கீயில் பழகிய விரல் உண்மையான பியானோவின் முன்னால் திணறும். என் வீட்டில் இருப்பது யமஹா பி-45, 11.5 கிலோ. காலையில் அரை மணி நேரம் அதில் ஸ்கேல் வாசித்துவிட்டு மேடைக்குப் போனால் விரலில் ஒரு தெளிவு இருக்கிறது. மெதுவாக அழுத்தியதற்கும் ஓங்கி அடித்ததற்கும் நடுவில் எத்தனை படிகள் இருக்கின்றன என்பதை அந்தக் கனம்தான் கற்றுக்கொடுத்தது.

ஆனால் அதே கனமான கீயில் ஆர்கன் டோன் போட்டு உள்ளங்கையால் கீழிருந்து மேலே இழுத்துப் பாருங்கள், கை வலிக்கும். வேகமான சிந்த் லீட், ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டும் சந்தூர் பிட் எல்லாம் லேசான கீயில்தான் இயல்பாக வரும். மூன்று மணி நேரக் கச்சேரிக்கு நான் ஒருபோதும் 88-ஐத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

கர்நாடக இசை மட்டும் வாசிக்கிறவர்களுக்கு என் பதிலே வேறு. அங்கே வலது கை ராகத்தை வாசிக்கும், இடது கை பெரும்பாலும் பிட்ச் பெண்டிலேயே, அதாவது ஸ்வரத்தை வளைக்கும் லீவரிலேயே, இருக்கும். கமகம் அங்கிருந்துதான் பிறக்கிறது. இடது கை கீயைத் தொடாதபோது ஐந்து ஆக்டேவ் எதற்கு? மந்திர ஸ்தாயியில் கொஞ்சம், மத்திய ஸ்தாயி முழுவதும், தார ஸ்தாயியில் கொஞ்சம். 37 கீயிலேயே அடங்கிவிடும், 49 இருந்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும். மிச்சப்படும் பணத்தை நல்ல பிட்ச் பெண்ட் உள்ள மாடலில் போடுங்கள். லீவரோ வீலோ, விட்டதும் துல்லியமாகச் சுருதிக்குத் திரும்ப வேண்டும். அதன் எல்லையைப் பாட்டுக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்க முடிய வேண்டும்.

கீயின் எண்ணிக்கையும் கீயின் அளவும் வேறு வேறு. கோர்க் மைக்ரோகோர்க், யமஹா ரிஃபேஸ் இரண்டிலும் 37 கீ, இரண்டிலும் மினி கீ. ஒலி வடிவமைக்கிறவர்களுக்கு அவை அருமையான கருவிகள். கற்றுக்கொள்ள ஏற்றவை அல்ல. முழு அளவு கீயில் ஒரு ஆக்டேவ் சுமார் 16.5 சென்டிமீட்டர். விரல் அந்தத் தூரத்தைத்தான் மனப்பாடம் செய்கிறது. தெருவில் ஒரு அக்கா, “தம்பி, பிள்ளைக்கு ஏழு வயசுதான், சின்னதா ஒண்ணு போதும்லா?” என்று கேட்டார். “எண்ணிக்கை குறைஞ்சாலும் பரவாயில்லக்கா, கீ மட்டும் முழுசா இருக்கட்டும்” என்றேன். இப்போது அந்தப் பிள்ளை முழு அளவு 49 கீயில் வாசிக்கிறது.

61 கீயோடு ஒரு சின்ன 25 கீ கன்ட்ரோலரை (சொந்த ஒலி இல்லாமல் வேறு கருவியை வாசிக்க வைக்கும் கீபோர்டு) சேர்த்து பேஸை அதில் வாசிக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. முடியும். ஆனால் சின்ன கன்ட்ரோலர்கள் பலவற்றில் யுஎஸ்பி மட்டும்தான் இருக்கும், இசைக்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பழைய ஐந்து முனை மிடி அவுட் இருக்காது. நடுவில் கம்ப்யூட்டர் இல்லாமல் அவற்றை நேராகக் கீபோர்டில் செருக முடிவதில்லை. இரண்டு தட்டு ஸ்டாண்டில் இரண்டு 61 வைப்பது அதைவிட நம்பகமான வழி, வண்டி வசதி இருந்தால்.

வண்டி என்றதும் நீளத்தைச் சொல்ல வேண்டும். மோடெக்ஸ்6, 94 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மோடெக்ஸ்7, 114. மோடெக்ஸ்8, 133. 94-ஐ முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் போய்விடலாம். 114 தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், தெருவில் தாழ்ந்த கிளையும் பந்தல் கயிறும் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். ஆட்டோவின் பின்சீட்டில் குறுக்கே வைத்தால் சரியாக இருக்கும். 133 சின்னக் காரின் பின்சீட்டில் குறுக்கே போகாது, முன்சீட்டைச் சாய்த்து நீளவாக்கில் வைக்க வேண்டும். ஸ்டாண்டும் மாறும். ஒற்றை எக்ஸ் ஸ்டாண்டில் 76-இன் ஓரக் கீகளை ஓங்கி வாசித்தால் லேசாக ஆடும், 88-க்கு அது ஆகவே ஆகாது. இரட்டை எக்ஸ் அல்லது மேசை மாதிரி ஸ்டாண்ட் வாங்குங்கள், அதன் எடையையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.

பழையது வாங்குகிறவர்களுக்கு ஒன்று. எந்த அளவானாலும் முதலில் தேய்வது நடுவில் உள்ள இரண்டு ஆக்டேவ்தான். கீக்கு அடியில் இருக்கும் ரப்பர் காண்டாக்ட் தேய்ந்தால் மெதுவாகத் தொட்டாலும் சில கீ ஓங்கி ஒலிக்கும், சில கீ ஒலிக்கவே ஒலிக்காது. ஒவ்வொரு கீயாக, மிக மெதுவாக அழுத்திப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் பட்டையை மாற்றலாம், ஆனால் அந்த மாடலுக்கு அது கிடைக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

கடையில் நின்றுகொண்டு டெமோ பாட்டைக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மேடையில் நீங்கள் நின்று வாசிப்பவரா, உட்கார்ந்தா, அந்த உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் அடிக்கடி வாசிக்கும் பாட்டில் டோன் அதிகம் மாறுகிற ஒன்றை எடுத்துக்கொண்டு, ஸ்ப்ளிட் போட்டு முழுவதுமாக வாசியுங்கள். எல்லையில் எத்தனை முறை இடிக்கிறது என்று பாருங்கள். ஒரு முறையும் இடிக்கவில்லை என்றால் 61-ஐயே எடுத்துக்கொண்டு வாருங்கள். இடித்தால் 76 கேளுங்கள். கடைக்காரர் 61 அல்லது 88 என்றுதான் காட்டுவார், 76-ஐ வரவழைக்கச் சில நாள் ஆகலாம், காத்திருங்கள். பேக்கையும் 76-க்கென்றே சொல்லி வாங்குங்கள். 88 பேக்கில் போட்டால் உள்ளே 19 சென்டிமீட்டர் காலியாக இருக்கும், பஸ் பிரேக் போடும் ஒவ்வொரு தடவையும் கீபோர்டு முன்னும் பின்னும் நகர்ந்து மோதும். வேறு பேக் கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் தடிமனான ஸ்பாஞ்சை வெட்டி இறுக்கமாக அடைத்துவிடுங்கள்.